சாக்சன், வைக்கிங் வாள்களுக்கு உறை செய்யக் கொடுப்பது: எந்த மரம், எந்தத் தோல், எந்த நூற்றாண்டு?

#1 கரைமேடு

வணக்கம். இரண்டு மறுஆக்க வாள்களுக்கு உறை செய்யக் கொடுக்கப் போகிறேன். இரண்டும் உறையில்லாமல் வந்தவை.

முதலாவது 7ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் பாணி. அலகு 76 செ.மீ., கைக்காப்பை ஒட்டி அகலம் 54 மி.மீ. இரண்டாவது, வைக்கிங் கால வாள்களைப் பிடியின் வடிவால் பிரிக்கும் பீட்டர்சன் வகைப்பாட்டில் எல் வகை. அலகு 75 செ.மீ., அகலம் 52 மி.மீ., கனம் 5 மி.மீ. இதன் கைக்காப்பு நுனிப் பக்கமாக வளைந்திருக்கும்.

உறை செய்பவர் அனுப்பிய திட்டம் இது: ஓக் மரம், உள்ளே 3 மி.மீ. ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி), மேலே 2 மி.மீ. பழுப்புத் தோல், பறவை உருவம் போட்ட வெண்கல முனைப்பூண் (உறையின் நுனியை மூடும் உறுப்பு), வாரில் ஒரு ஜோடி பிரமிடு. இரண்டு வாளுக்கும் இதே அமைப்பு. வாளை அனுப்ப வேண்டாம், நீளமும் அகலமும் சொன்னால் போதும் என்கிறார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இதில் எதை மாற்றச் சொல்ல வேண்டும்? அருங்காட்சியகப் பிரதி எனக்குத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்து ஆள் பார்த்தால் உறுத்தாமல் இருக்க வேண்டும்.

#2 மண்ணடுக்கு

மரம், தோல் எல்லாம் பிறகு. முதலில் காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தில் இரண்டு வாளுக்குமே காலம் பிசகியிருக்கிறது.

பிரமிடு என்பது வாளின் வாரோடு சேர்ந்து ஜோடியாக வரும் சிறிய அணி. 6, 7ஆம் நூற்றாண்டுப் பொருள். 1939-இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேடுகளில் முதல் மேட்டில் எடுத்த வாளோடு பொன்னும் கார்னெட் கல்லும் பதித்த ஒரு ஜோடி கிடைத்தது. அந்த உறையின் மேல்பகுதியில் இரண்டு வட்டக் குமிழ்களும் இருந்தன. 2009-இல் வெளிவந்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலிலும் பிரமிடுகள் உண்டு. ஆகவே உங்கள் முதல் வாளுக்கு அது பொருந்தும். எல் வகை 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பிரமிடைத் தொங்கவிட்டால் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தள்ளிப்போகிறது.

பறவை முனைப்பூணுக்கு நேர் எதிர்க் கதை. அது ஸ்காண்டிநேவிய 10ஆம் நூற்றாண்டு வார்ப்பு. ஸ்வீடனின் பிர்க்காவில் கிடைத்திருக்கிறது, கிழக்கே ரஷ்ய நிலப்பகுதி வரை பரவியிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு சாக்சன் வாளுக்கு அது எந்த விதத்திலும் பொருந்தாது. எல் வகைக்குப் போடலாமா என்றால், ஒரு நிபந்தனையோடு போடலாம். எல் வகையை இங்கிலாந்து வாள் என்பார்கள். 1976-இல் ஓடையில் கிடைத்து இப்போது யார்க்ஷயர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கில்லிங் வாள் அந்தக் குடும்பம்தான். ஆனால் நார்வேயிலும் எல் வகை கிடைத்திருக்கிறது. அதனால் "இது 10ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்காண்டிநேவியன் இடுப்பில் இருந்த வாள்" என்று நீங்கள் தீர்மானித்தால் பறவைப் பூண் சரி. 9ஆம் நூற்றாண்டு சாக்சன் பிரபுவின் வாள் என்றால் வேண்டாம்.

இன்னொன்று. உலோகமே இல்லாத உறை "குறைந்த" உறை ஆகிவிடாது. கல்லறைகளில் வாளோடு உறையின் மரத்தடம் மட்டும் இருந்து, பூண் ஏதும் இல்லாதவை நிறைய. முனையில் தோலை மடித்துத் தைத்து முடித்திருப்பார்கள். உங்கள் முதல் வாளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்: உலோக முனைப்பூண் வேண்டாம், வாயில் ஒரு மெல்லிய வெள்ளி அல்லது பித்தளைப் பட்டை, வாரில் பிரமிடு ஜோடி. வாய்ப்பூணுக்கு நல்ல முன்மாதிரி வைட் தீவின் செசல் டவுன் வாள். அது 6ஆம் நூற்றாண்டு. உறைவாயின் வெள்ளித் தகட்டில் ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்து வெட்டியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்தை அப்படியே உங்கள் வாளில் நகல் எடுக்க வேண்டாம். அது அந்த ஒரு வாளுக்கு உரியது.

#3 பாப்ளர்பலகை

ஓக் வேண்டாம். முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்க.

பழைய உறைகளில் ஓக் கிடைத்ததே இல்லைன்னு சொல்லல. ஆனா ஓக்கில் டானின் (துவர்ப்புப் பொருள்) அதிகம், அசெட்டிக் அமில ஆவியும் விடும். மூடிய உறைக்குள்ளே அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. உறை எப்பவும் வாளோட இருக்கப்போகுது, ஈரமான பருவத்தில் அலகு முழுக்கப் புள்ளி புள்ளியா துரு வரும். பாப்ளர், வில்லோ, ஆல்டர், லைம் இந்த நாலில் ஒண்ணைக் கேளுங்க. பாப்ளரும் வில்லோவும் அந்தக் காலத்து உறைகளிலேயே அடையாளம் காணப்பட்டவை. எடை குறைவு, உளிக்கு இதம், நார் நேர். முடிச்சு இல்லாத பலகையாப் பார்த்து எடுக்கணும். முடிச்சு இருக்கிற இடத்தில் சுவர் 2 மி.மீ.க்கு இறங்கும்போது பிளந்துடும்.

இனி கனக் கணக்கு. "நீளம் அகலம் போதும்"னு ஒருத்தர் சொன்னா, கனத்தை அவர் கணக்கிலேயே எடுக்கலைன்னு அர்த்தம். எல் வகை வாளுக்கு உறைவாயில் இப்படிக் கூட்டிப் பாருங்க:

அலகு 5.0
கம்பளி உள்வரி, அமுங்கிய பிறகு பக்கத்துக்கு 1.2 வீதம் 2.4
மரம் பக்கத்துக்கு 2.5 வீதம் 5.0
லினன் சுற்று பக்கத்துக்கு 0.3 வீதம் 0.6
தோல் பக்கத்துக்கு 1.2 வீதம் 2.4

மொத்தம் 15.4 மி.மீ. அவர் சொன்ன 3 மி.மீ. ஃபெல்ட், 2 மி.மீ. தோல் போட்டு, மரத்தையும் பயந்து 4 மி.மீ. விட்டார்னா 22 மி.மீ. தாண்டும். இடுப்பில் கட்டினா பலகை கட்டினாப்பல இருக்கும். அந்தக் காலத்து உறை அலகோட வடிவத்தை வெளியே காட்டுற அளவுக்கு மெலிசு. பூண் உட்பட, வார் இல்லாம, 300 முதல் 400 கிராமுக்குள்ள முடியணும். 700, 800 கிராம் வந்தா மரம் குடையப்படலை, ஒட்டுப்பலகைதான் அடுக்கியிருக்குன்னு வெச்சுக்கலாம்.

அகலத்துக்கும் ஒரு கணக்கு. அலகு 52. அலகின் கூர் ஓரம் மரத்தைத் தொடாம இருக்க பக்கத்துக்கு 1.5 விடணும், குழி 55. ஒட்டுப் பரப்பு பக்கத்துக்கு 4, ஆக மரம் 63. தோலோட 65, 66 மி.மீ. ஒட்டுப் பரப்பு 3-க்குக் கீழ் இறங்கினா ஓரம் பிரிஞ்சு, வாளை உருவும்போது அலகு அந்த இடுக்கில் வெட்டி வெளியே வரும். விரல் போற இடம் அது. இந்த ஓரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

நுனிக்குக் கீழே 5 மி.மீ. காலி விடணும். வாளின் எடை கைக்காப்பில் தாங்கணும், நுனியில் தாங்கக் கூடாது.

#4 கரைமேடு

மிக்க நன்றி. வாளை அனுப்பாமல் அளவு அனுப்பினால் முடியாதா? இரண்டு வாளையும் கூரியரில் அனுப்பத் தயக்கம். அதே மாடல் வாள் தன்னிடம் இருப்பதாகவும் அதை வைத்தே செய்வதாகவும் சொல்கிறார்.

#5 பாப்ளர்பலகை

அதே மாடல்ங்கிறது நம்பத்தக்க அளவு இல்லை. கையால் சாணை பிடிச்ச அலகு ஒண்ணுக்கொண்ணு அகலத்தில் 1, 2 மி.மீ. மாறும். நம்ம மொத்த இடைவெளியே பக்கத்துக்கு 1.5 தான்.

வாளை அனுப்புறதே உத்தமம். முடியலைன்னா அலகின் மரப்போலி ஒண்ணு செஞ்சு அனுப்புங்க. அதுக்கு அளவெடுக்கிற முறை இதுதான்.

தடித்த காகிதத்தில் அலகை வெச்சு, பென்சிலை நேர்க்குத்தா பிடிச்சு வரைங்க. பென்சில் சாஞ்சா ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. கூடும். அலகைத் திருப்பிப் போட்டு அதே கோட்டின் மேல இன்னொரு தடவை வரைங்க. ரெண்டு கோடும் சேரலைன்னா அலகு சமச்சீரா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம், ரெண்டையும் அழிக்காம விடுங்க. கைக்காப்பிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு தடவை வெர்னியர் காலிபரில் அகலம், கனம் ரெண்டும் குறிக்கணும். கனத்தை நடுப்பள்ளத்தில் எடுக்காதீங்க, பள்ளத்தின் இரு கரையில் எடுங்க. அங்கேதான் அலகு அதிகக் கனம். நிறையப் பேர் பள்ளத்தில் அளந்து 3 மி.மீ.ன்னு எழுதி அனுப்பி, உறை வந்ததும் பாதியில் வாள் சிக்கிக்கிது.

அப்புறம் பக்கவாட்டில் கண்ணை வெச்சு அலகைப் பாருங்க. லேசான வளைவு இருந்தா எந்தப் பக்கம், எவ்வளவுன்னு எழுதுங்க.

எல் வகைக்குக் கூடுதலா ஒண்ணு. கைக்காப்பின் முனைகள் நுனியை நோக்கி இறங்கியிருக்கும். உறைவாயை நேரா அறுத்தா நடுவில் பிறை மாதிரி இடைவெளி விழும். அதனால வாய் நடுவில் உயர்ந்து, ரெண்டு ஓரமும் 2, 3 மி.மீ. தாழ்ந்து வரணும். கைக்காப்பின் அடிப்பக்க வளைவை அட்டையில் வெட்டி அதையும் அனுப்புங்க.

#6 குத்தூசி

தோல் பக்கம் நான் சொல்கிறேன்.

2 மி.மீ. தோல் இடைவாருக்குச் சரி, உறைக்கு மிகை. கன்று அல்லது ஆட்டுத் தோல், 1 முதல் 1.2 மி.மீ., தாவரப் பதனிட்டது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தோலின் குணம் தெரியும்: நனைத்தால் களிமண் போல உருவம் பிடிக்கும், காய்ந்தால் அந்த உருவத்திலேயே இறுகும். குரோம் தோல் இப்படி இறுகாது. நாளடைவில் தொளதொளத்து மடிப்பு விழும்.

தையல் உறையின் பின்பக்கம், நடுக்கோட்டில் வர வேண்டும். பின்பக்கம் என்றால் உடலை ஒட்டும் பக்கம். இங்கிலாந்தின் யார்க் நகர ஈர மண்ணில் தோல் உறைகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் கத்தி உறைகளே மிகுதி. தோல் இருக்கும், தையல் துளை இருக்கும், நூல் இருக்காது. தாவர நார் மட்கிப் போய்விடும். துளைகளின் வரிசையைப் பார்த்தே தையலைக் கண்டுபிடிக்கிறார்கள். லினன் நூலுக்குத் தேன்மெழுகு பூசி, குத்தூசியால் 4, 5 மி.மீ.க்கு ஒரு துளை போட்டுத் தைக்கலாம். இரு விளிம்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. நேருக்கு நேர் முட்டி நிற்க வேண்டும். ஊசி தோலின் சதைப்பக்கத்தில் நுழைந்து வெட்டு விளிம்பில் வெளிவந்தால் இழுக்கும்போது விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வும், மேடு தெரியாது.

வெட்டும்போது உறையின் சுற்றளவைவிட 3, 4 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். நனைந்த தோல் அந்த அளவு இழுபடும். சரியான அளவில் வெட்டினால் காய்ந்த பிறகு தொங்கும்.

இங்கே நடக்கும் பெரிய கேடு ஒன்று. நனைந்த தோலைத் தைக்கும்போது உறை வெறுமையாக இருந்தால், காயக் காய அது மரத்தை இறுக்கும். நடுப்பகுதியில் 2 மி.மீ. சுவர் உள்வாங்கிவிடும். வாளை உள்ளே வைத்துக் காயவிட்டால் ஒரே இரவில் அலகு துருப்பிடிக்கும். அதனால்தான் மரப்போலி. அதற்கு மெழுகு பூசி உள்ளே வைத்துத் தைத்து, தோல் முக்கால் பங்கு காய்ந்ததும் உருவ வேண்டும். பாப்ளர்பலகை சொன்ன போலி அளவுக்கு மட்டுமல்ல, இதற்கும் பயன்படும்.

ஈரத் தோலை இரும்பு தொட்டால் நீலக் கறுப்புக் கறை விழும். அது போகாது. பட்டறையில் இரும்புக் கவ்வி போடுகிறவரா என்று கேட்டுவிடுங்கள். மரக் கவ்வி, பித்தளை ஊசி, அல்லது துணிப்பட்டை சுற்றுவது நல்லது.

அலங்காரம் வேண்டுமென்றால் மரத்தின் மேல் 1.5 மி.மீ. லினன் கயிற்றை ஒட்டி, அதன்மேல் ஈரத் தோலைப் போர்த்தி, எலும்பு மழுக்கியால் கயிற்றின் இரு ஓரத்தையும் அழுத்தினால் மேட்டுக்கோடு எழும். வாயிலிருந்து கொஞ்ச தூரம் இரண்டு மூன்று குறுக்குக் கோடு, நடுவில் ஒரு நெடுங்கோடு போதும். சாக்சன் உறைக்கு இந்த அடக்கம்தான் அழகு. உறை முழுக்கப் பாம்புப் பின்னல் செதுக்கினால் வாளைவிட உறை அதிகம் பேசும்.

#7 இரும்புமணல்

குத்தூசி சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தாவரப் பதனிட்ட தோலும் அமிலத்தன்மை உள்ளதுதான். வெளியுறைக்கு அதுவே சரி, உள்வரிக்கு வரவே கூடாது. ஆட்டுரோமத் தோலை உள்ளே போடுவதாக இருந்தால் அது எப்படிப் பதனிடப்பட்டது என்று கேளுங்கள். படிகாரம் போட்டதிலும் உப்பு உண்டு, குரோமிலும் உப்பு உண்டு.

ஃபெல்ட்டும் தானாகவே பாதுகாப்பானது அல்ல. ஆலைக் கம்பளியில் கலந்திருக்கும் தாவரத் துணுக்கை எரிக்க அமிலத்தில் நனைப்பது உண்டு. சரியாகக் கழுவாமல் வந்தால் அந்த எச்சம் அலகைத் தின்னும்.

சோதனை எளிது. உறைக்குப் போடப்போகும் உள்வரியில் ஒரு துண்டு, பயன்படுத்தப்போகும் பசையில் ஒட்டிய மரத்துண்டு, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய கார்பன் எஃகுத் துண்டு. மூன்றையும் சேர்த்து மூடிய டப்பாவில், பக்கத்தில் ஈரப்பஞ்சு வைத்து, இரண்டு வாரம் விடுங்கள். இன்னொரு டப்பாவில் எஃகும் ஈரப்பஞ்சும் மட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் உள்வரியும் பசையும் என்ன செய்கின்றன என்று தெரியும்.

#8 கரைமேடு

பசை பற்றிக் கேட்கவே மறந்தேன். அவர் வெள்ளை மரப்பசை என்கிறார். வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) போடச் சொல்ல வேண்டுமா? கம்பளி ரோமம் எந்தப் பக்கம் படிய வேண்டும்?

#9 பாப்ளர்பலகை

வச்சிரம்தான் என் ஓட்டு. காலத்துக்குப் பொருந்துதுங்கிறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெந்நீர்த் துணி வெச்சா இளகும். பத்து வருஷம் கழிச்சு உள்வரி மாத்தணும்னா உறையைப் பிரிக்க முடியும். வெள்ளைப் பசை காயும்போது அசெட்டிக் அமிலம் விடும். அதைத்தான் போடுவேன்னா, ஒட்டினதுக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு மூணு வாரம் வாய் திறந்து காத்தாட வெச்சிட்டுத்தான் வாளை உள்ளே விடணும்.

ரோமம் நுனியை நோக்கிப் படியணும். செருகும்போது வழுக்கும், உருவும்போது லேசாப் பிடிக்கும். குனிஞ்சா வாள் நழுவாது.

#10 குத்தூசி

வச்சிரத்துக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். அது ஈரத்தில் இளகும் என்பதே அதன் பலவீனமும். சொட்டச் சொட்ட நனைத்த தோலை அதன்மேல் போர்த்தினால் மர ஓரம் திறந்துகொள்ளும். தோலை 10, 15 நிமிடம் நனைத்து, நீர் வடித்து, பாலித்தீனில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்து, குளிர்ச்சி மட்டும் தெரியும் பதத்தில் போர்த்த வேண்டும். இடையில் லினன் சுற்று இருப்பது இதற்கும் காப்பு. 4 செ.மீ. அகல லினன் பட்டையை வச்சிரத்தில் தோய்த்து, பாதிக்குப் பாதி மேலேறாமல் ஓரத்தோடு ஓரம் சாய்வாகச் சுற்றினால் ஓரம் திறக்காது, மரமும் பிளக்காது. லினன் சுற்றை மிச்சம் பிடிக்கிற இடமாக நினைக்கிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

ரோமத் திசையில் எனக்கு மாற்றுக் கருத்து. மழையில் நிற்கிற ஆளுக்கு ரோமம் வாயை நோக்கி இருந்தால்தான் வாளைச் செருகும்போது அலகில் இருக்கும் ஈரம் வழிக்கப்படும், உருவுவதும் இலகு. நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உறைவாயின் இறுக்கம், ரோமம் அல்ல.

#11 பாப்ளர்பலகை

வாயின் இறுக்கத்தை மட்டும் நம்பினா, மழைக்காலத்தில் மரம் உப்பி வாள் வெளியே வராது, வறண்ட காலத்தில் சுருங்கி ஆடும். கம்பளியின் அமுக்கம் ரெண்டுக்கும் ஈடு கொடுக்கும். எந்தத் திசையா இருந்தாலும் சரிபார்க்கும் முறை ஒண்ணுதான்: வாளோட உறையைத் தலைகீழாப் பிடிங்க. நழுவக் கூடாது. ஒரு குலுக்குக் குலுக்கினா அசையணும். புதுசில் கொஞ்சம் இறுக்கமாவே வரட்டும். முப்பது நாப்பது தடவை உருவிச் செருகினா ரோமம் படிஞ்சு இளகும். புதுசிலேயே சுகமா இருக்கிற உறை ஆறு மாசத்தில் கடகடன்னு ஆடும்.

ரோமத்தை 4 மி.மீ.க்குக் கத்தரிச்சுட்டு ஒட்டணும். அலகின் கூர் ஓடுற ரெண்டு ஓரத்திலும் உள்வரி வேண்டாம். அங்கே போட்டா அலகு அதைச் சீவிச் சீவி நுனியில் பஞ்சு சேரும். வாள் கடைசி 2 செ.மீ. இறங்கலைன்னு வர்ற புகாருக்கு இதுதான் காரணம்.

#12 மண்ணடுக்கு

உள்வரிக் கம்பளி பற்றிய சான்று எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு வரி. கல்லறையில் இரும்பு துருக்கும்போது அந்தத் துரு பக்கத்திலிருக்கும் மரத்தையும் ரோமத்தையும் ஊடுருவி அவற்றின் அச்சைப் பிடித்துக்கொள்கிறது. பொருள் போய்விடும், வடிவம் துருவில் நிற்கும். நுண்ணோக்கியில் மர வகையும் ரோம இழையும் தெரியும். அலகை ஒட்டியதைத் துரு காக்கிறது. ஆகையால் உள்வரியும் மரமும் நன்றாகத் தெரியும், வெளித்தோல் குறைவாகத் தெரியும், வாரும் கட்டும் அதைவிடக் குறைவு. உறை செய்பவர் "இது அப்படியே அசல்" என்று சொன்னால் எந்தப் பகுதிக்குச் சொல்கிறார் என்று கேளுங்கள். உள்ளே போகப் போகச் சான்று வலுவானது, வெளியே வர வர ஊகம்.

இதை ஒட்டித் தொங்கவிடும் முறை. ஒரே வார் முறையை இரண்டு வாளுக்கும் போட வேண்டாம்.

7ஆம் நூற்றாண்டு வாளுக்கு உறையின் முகத்தில் வாய்க்குக் கீழே இரண்டு குமிழ், அவற்றோடு சேர்ந்த வார், வாரில் பிரமிடுகள். சட்டன் ஹூ அமைப்பைச் சார்ந்து செய்யலாம். குமிழ் எலும்பிலோ கொம்பிலோ இருந்தாலும் போதும். பொன் வேண்டியதில்லை.

எல் வகைக்கு இரண்டு வழி. ஒன்று, உறையின் முகத்தில் மரப் பாலம். 9 செ.மீ. நீளம், 11, 12 மி.மீ. உயரம், நடுவில் வார் நுழைய இடைவெளி. லினன் சுற்றின் மேல் ஒட்டி, தோலை அதன்மேல் உருவம் பிடிக்க வைப்பது. மற்றது கரோலிங்கிய (பிராங்கியப் பேரரசின்) முறை. உறையைச் சுற்றிய வார், இடைவார், இரண்டையும் சேர்க்கும் மூவிலை உலோகம். சுமார் 820–830-இல் எழுதப்பட்ட ஸ்டுட்கார்ட் சங்கீதப் புத்தக (பைபிள் பாடல்கள்) ஓவியச்சுவடியில் வாளை இடைவாரோடு காணலாம். அந்த மூவிலைப் பூட்டு ஸ்காண்டிநேவியாவுக்குப் போனதும் பெண்களின் உடைஊசியாக மாறிவிட்டது. அதனால் சந்தையில் "வைக்கிங் மூவிலை" என்று விற்பதில் பல உடைஊசியின் நகல். பின்புறம் வார் நுழைய வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தோள்வாரும் தவறல்ல. உறையைப் பற்றி இன்னொன்று: பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் பல்லாடேர் கல்லறையை 1940-களில் தொல்லியலாளர் கெர்ஹார்ட் பெர்சு தோண்டினார். அங்கே வாளை மூன்றாக உடைத்து மீண்டும் உறைக்குள் வைத்துப் புதைத்திருந்தார்கள். உறைக்கும் வாளுக்கும் இருக்கும் உறவை இதைவிட நன்றாகச் சொல்லும் கல்லறை குறைவு. வாள் உடைந்தும் உறை அதைச் சேர்த்துப் பிடித்திருந்தது.

#13 வார்ப்படம்

முனைப்பூண் வாங்குபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம்: பூணின் உள்ளளவு.

படத்தில் பூணின் வெளி உயரம், வெளி அகலம் மட்டும் போடுவார்கள். நமக்கு வேண்டியது உள் அகலமும் உள் கனமும். கரைமேடு, உங்கள் எல் வகை அலகு நுனிக்கு 10 செ.மீ. முன்பு எவ்வளவு கனம்? 3 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால்: உள்வரி 2.4, மரம் 1.8 வீதம் 3.6, லினன் 0.6, தோலை அங்கே மட்டும் 0.8-க்குச் சீவினால் 1.6. கூட்டினால் 11.2 மி.மீ. பூணின் உள் கனம் 8 என்றால் அது ஏறாது. ஏற்றுவதற்காக மரத்தை மேலும் சீவுவார்கள். சுவர் 0.5 மி.மீ. ஆகும். முதல் தடவை உறை தரையில் இடித்ததும் நுனி வெளியே வரும்.

எனவே வரிசை இது: பூணை முதலில் வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைக் குடைய வேண்டும். உறை முடிந்த பிறகு பூண் தேடக் கூடாது. இல்லையென்றால் உறைக்கு அளவெடுத்துப் புதிதாக வார்க்க வேண்டும். வார்க்கும்போது வெண்கலம் குளிர்ந்து சுருங்கும், சுமார் 1.5, 2 விழுக்காடு. மெழுகை அந்த அளவு பெரிதாக வெட்ட வேண்டும். 45 மி.மீ. அகலப் பூணில் அது ஏறக்குறைய 1 மி.மீ. பழைய பூணிலிருந்து அச்செடுத்து வார்க்கிறவர்களின் பூண்கள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போவது இதனால்தான்.

பூணைப் பொருத்த ஆணி அடித்தால் ஓரத்து ஒட்டுப் பரப்பில் மட்டும் அடிக்கலாம், ஆணி நீளம் 4 மி.மீ.க்கு மேல் கூடாது. முகத்தில் அடித்தால் அது குழிக்குள் எட்டிப் பார்க்கும், ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகில் ஒரே இடத்தில் கீறல் விழும். பொருத்தியதும் ஒரு மெல்லிய மரக்குச்சியில் பருத்தித் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் ஆணி தெரிகிறது.

#14 இரும்புமணல்

வந்த பிறகு செய்ய வேண்டியது. அலகுக்கு நுண்படிக மெழுகு பூசி, துணியால் நன்றாகத் துடைத்து வையுங்கள். எண்ணெய் பூசினால் கம்பளி அதை உறிஞ்சி, தூசியைப் பிடித்து, அரம் போல ஆகிவிடும். மாதக்கணக்கில் வாளை உறையில் வைக்க வேண்டாம். சுவரில் வாள் தனி, உறை தனி. உறைவாயைத் துணியால் மூடுங்கள், பூச்சி கம்பளியை விரும்பும். தோலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகுக் களிம்பு போதும்.

கறுப்புத் தோல் வேண்டும் என்று கேட்டால் சிலர் இரும்பு ஊறிய வினிகரில் கறுப்பாக்குவார்கள். நல்ல ஆழமான கறுப்பு வரும். ஆனால் சமையல் சோடா நீரில் கழுவி அமிலத்தை முறிக்க வேண்டும். முறிக்காவிட்டால் ஓரிரு ஆண்டில் தோல் வெடிக்கும், பூண் பச்சை பூக்கும்.

#15 கரைமேடு

எல்லோருக்கும் நன்றி. உறை செய்பவருக்கு அனுப்பப்போவதை இங்கே போடுகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"உறை 1, 7ஆம் நூற்றாண்டு சாக்சன். பாப்ளர். குடைந்த சுவர் வாயில் 2.5, நுனியில் 1.8 மி.மீ. ஓரத்து ஒட்டு 4 மி.மீ. உள்வரி கத்தரித்த கம்பளி, ஓரங்களில் இல்லை, ரோமம் நுனியை நோக்கி. வச்சிரம், லினன் சுற்று. 1.2 மி.மீ. தாவரப் பதனிட்ட கன்றுத் தோல், பின்நடுத் தையல். வாயில் மெல்லிய வெள்ளிப் பட்டை. முனைப்பூண் இல்லை. முகத்தில் இரண்டு கொம்புக் குமிழ், வாரில் பிரமிடு ஜோடி. மூன்று குறுக்கு மேட்டுக்கோடு.

உறை 2, 10ஆம் நூற்றாண்டு, ஸ்காண்டிநேவியன் கையில் இருந்த எல் வகை. மரமும் உள்வரியும் தோலும் அதே. வாய் நடுவில் உயர்ந்து ஓரம் 2.5 மி.மீ. தாழ்ந்து. பறவை முனைப்பூண், உள் கனம் 11.2 மி.மீ., பூணை நான் முதலில் அனுப்புவேன். முகத்தில் மரப் பாலம், வாயிலிருந்து 10 செ.மீ. கீழே. 30 மி.மீ. வார்.

இரண்டுக்கும் மரப்போலியும் வரைபடமும் அனுப்புகிறேன். மூன்று கட்டத்தில் படம் வேண்டும்: குடைந்து ஒட்டுவதற்கு முன் அளவுகோலோடு, லினன் சுற்றியதும், தோல் காய்ந்ததும். பணமும் அந்த மூன்று கட்டத்தில். எது கண்டெடுத்த பொருளைச் சார்ந்தது, எது உங்கள் தீர்மானம் என்று ஒரு தாளில் எழுதித் தரவும்."

#16 பாப்ளர்பலகை

நல்லா வந்திருக்கு. ஒட்டுவதற்கு முந்தின படம்தான் ரொம்ப முக்கியம், ஒட்டினப்புறம் சுவர் கனத்தை யாரும் பார்க்க முடியாது. போலியைச் செருகி ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிச்ச படமும் கேளுங்க.

#17 வார்ப்படம்

உள் கனம் சரியாக 11.2 வேண்டாம், 11.6 கேளுங்கள். பசைப்படலத்துக்கும் தோலின் ஏற்ற இறக்கத்துக்கும் இடம் வேண்டும். சற்றுத் தளர்ந்தால் உள்ளே மெல்லிய தோல் துண்டு வைத்து இறுக்கலாம். இறுக்கமாக வந்தால் வழியில்லை.

#18 மண்ணடுக்கு

30 மி.மீ. வார் என்றால் பாலத்தின் இடைவெளி 33 இருக்க வேண்டும், அதையும் எழுதுங்கள். இன்னொன்று விட்டுப்போயிற்று: நீங்கள் வலக்கையா இடக்கையா? வலக்கை என்றால் உறை இடப்பக்கம் தொங்கும். இடக்கை என்றால் வலப்பக்கம் போகும், எந்தப் பக்கமானாலும் பாலமும் குமிழும் வெளியே தெரியும் முகத்திலும் தையல் உடல் பக்கமும் வர வேண்டும்.  

#19 கரைமேடு

இடக்கை. இப்போதே சேர்த்துவிட்டேன்: "பாலம், குமிழ், மேட்டுக்கோடு எல்லாம் வலது இடுப்பில் வெளியே தெரியும் முகத்தில். தையல் உடல் பக்கம்." பாலத்தின் இடைவெளி 33, பூணின் உள் கனம் 11.6 என்றும் திருத்திவிட்டேன். முதல் கட்டப் படம் வந்ததும் இங்கே போடுகிறேன்.